அத்தான் குடித்துப் பார்த்த தண்ணீர்

எங்கள் அத்தான் அப்பாத்துரைக்குத் தண்ணீரைக் கண்டு பயம் இருந்ததில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிற கார்த்திகை மாதத்தில்கூட அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புகிறவர். அப்படிப்பட்டவர் வருஷக் கணக்கில் தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தால் தனக்குப் பயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு என் அக்கா செல்லக்கிளி அந்தத் தம்ளரைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். கழுவித் துடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

அத்தானுக்கு வாழை இலை வியாபாரம். வடகால் வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரர்களிடம் பேசிவைத்து, வெயில் ஏறுமுன் இலை அறுத்து, கிழிசல் இல்லாததைத் தனியே பிரித்துக் கட்டி, முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஏற்றிவிடுவார். அவர் விரல்கள் வாழைக்கறை ஏறிக் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்புக்குள் எப்போதும் அரிவாள் பட்ட சிறு காயங்கள் ஒன்றிரண்டு இருக்கும். இருப்பது அவருக்கே தெரியாது. அவருக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. திருச்செந்தூர் ரயிலில் போய் வருவேன்.

வீட்டில் இன்னொருவன் இருந்தான், மைனர். செம்பட்டை நிற நாட்டு நாய். தெருவில் ஒரு பெட்டை நாயையும் விட்டுவைக்காமல் சுற்றியதால் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி வைத்த பெயர் அது. இலை அறுக்க அத்தான் போகும்போது முன்னால் ஓடிப் பாம்பு இருக்கிறதா என்று மோந்து பார்ப்பது அவன் வேலை.

ஒரு பங்குனியில் எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. மத்திய அரசு பணம் கொடுத்து நடத்தும் ஒரு ஆராய்ச்சித் திட்டம். ஆற்றோரத்து ஊர்களில் உள்ள நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டி, கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் தஸ்மியா என்று ஒரு பெண் டாக்டர். மேலப்பாளையத்துப் பிள்ளை. தலையில் முக்காடும் காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, வீட்ல நாய் இருக்கா?"

"நாயா? இங்கன ஏது நாய்? நானே இல மண்டிக்காரனுக்கு வாலாட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த சந்தனமாரி சும்மா இருக்கவில்லை. "அப்ப நேத்து எங்க வீட்டுக் கருவாட்டத் தூக்கிட்டு ஓடுனது ஆரு? ஒங்க மச்சினனா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. மைனர் அந்த நேரம் இலைக்கட்டு அடுக்கும் கொட்டகைக்குள் வாய் கட்டப்பட்டுக் கிடந்தான்.

"நாய் வந்தா சொல்லுங்க அண்ணாச்சி. ஊசி போடத்தான் வந்திருக்கோம். அதோட பலன் நாய் ஒடம்புல எத்தன மாசம் நிக்குதுன்னு பாக்கணும்லா, அதுக்குத்தான் ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேன் தெருமுனை தாண்டியதும் அத்தான் என்னிடம் சொன்னார். "இன்னைக்கு ரத்தம். நாளைக்குக் கொடலு. ஆராய்ச்சின்னா அறுத்துப் பாக்கதுதான மாப்ள?"

"அதெல்லாம் இல்லத்தான். ஊசி நல்லதுதான்."

"நீ காலேஜ்ல இருக்கவன். அப்படித்தான் சொல்லுவ."

அவருடைய நாய், அவருடைய பயம் என்று விட்டுவிட்டேன்.

ஆடிக் காற்று தொடங்கியபோது மைனர் சாப்பாட்டை விட்டான். கொட்டகையில் சருகுக்குள் போய்ச் சுருண்டுகொண்டான். கூப்பிட்டால் தலையைத் தூக்குவான், வாய் மூடாது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டு எச்சில் நூலாக வழிந்தது. தண்ணீர்ச் சட்டியில் மூக்கை நனைத்தான், நக்கத் தெரியவில்லை. குரைப்பு மாறிப் போயிருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கினவன் போல அடிக்கடி கமறினான்.

"முள்ளு" என்றார் அத்தான். "அந்தச் சந்தனமாரி சாள மீன் தலையப் போட்டிருப்பா. மாப்ள, பின்னங்காலப் பிடி."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் வேட்டி நுனியால் அதன் மேல்தாடையைத் தூக்கி, வலது கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. துழாவினார். "வழுக்கிட்டுப் போவுதுல... நாக்குதான் இருக்கு... முள்ளக் காணமே." மைனர் கடிக்கவில்லை. கடிப்பதற்கு அந்தத் தாடையில் பலம் இல்லை. கையை வெளியே எடுக்கும்போது ஒரு பல் மட்டும் விரலில் உரசியது. அத்தான் ஒரு வாழைச் சருகை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். சந்தனமாரியின் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ளே வந்து மைனரின் முகத்தைத் தடவிக் கொடுத்தார்கள். எச்சில் அவர்கள் கையெல்லாம் பட்டது. பெரியவளுக்குக் கை நிறையச் சொறி.

அடுத்த இரண்டு நாளில் மைனர் செத்துப்போனான். அத்தான் ஒரு வாழை மூட்டின் பக்கத்தில் குழி வெட்டி, மஞ்சள் தடவி, தன் துண்டிலேயே சுற்றிப் புதைத்தார். அன்று மாலை அவர் சாப்பிடவில்லை.

எனக்கு மட்டும் அந்தத் தொங்கிய தாடை கண்ணைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆராய்ச்சித் திட்டக்காரர்கள் எழுதிப்போட்டிருந்த எண்ணைக் காலையில் கூப்பிட்டேன். நாய் சாப்பிடாமல் வாய் தொங்கிச் செத்துவிட்டது, என்ன நோயாக இருக்கும் என்றுதான் கேட்டேன். எதிர்முனையில் டாக்டர் தஸ்மியா நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முள்ளுன்னு நெனச்சு ஆராவது வாய்க்குள்ள கைய விட்டியளா?" என்று கேட்டாள்.

அந்தக் கொட்டகையில் அவள் எங்களோடு நின்றிருந்தவள் போலக் கேட்டாள்.

வேனுக்குக் காத்திராமல் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். வந்ததும் அத்தானையும் என்னையும் குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். கறை போகாத அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணாச்சி. காயத்துலயும் ஊசி போடுவாங்க, கையிலயும் போடுவாங்க. நாய்க்கு நோய் இருந்துச்சா இல்லையான்னு தெரியற வர காத்திருக்கப்படாது."

"கடிக்கவே இல்லயம்மா அது."

"காயத்துல எச்சில் பட்டா போதும்."

அக்கா உள்ளே ஓடிப் போய்ப் பஸ்ஸுக்குப் பணம் எடுத்து வந்தாள்.

டாக்டருக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. மைனரைத் தோண்டி எடுக்க வேண்டும் என்றாள். அத்தான் எழுந்து நேரே வாழைத் தோட்டத்துக்குப் போய், குழி மூடிய மண்மீது நின்றுகொண்டார்.

"இதுக்குத்தான் பயங்காட்டுதிய. தலைய வெட்டிக் கொண்டுபோவிய. நான் விடமாட்டேன்."

"அண்ணாச்சி, முந்தி அப்படித்தான் செஞ்சாவ. இப்ப வெட்ட வேண்டாம். பெடரிக்குக் கீழ ஒரு சின்னத் தொளை. அது வழியா ஒரு குழாய விட்டு, ஒரு பொட்டு மூளை எடுத்தாப் போதும். எங்க வாப்பாவே கேக்காவ, இம்புட்டும் படிச்சது செத்த நாய் மண்டையில குழாய் விடவாட்டீன்னு."

அத்தான் அசையவில்லை. அதற்குள் சந்தனமாரி வந்துவிட்டாள். "செத்துப்போன நாய்க்குப் புதுசா வெறிநாய்னு பேரு வைக்கியளோ? எம் புள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யல. ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்கு என்ன பவுசா வாழுது?"

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. அத்தானையே பார்த்தாள். "ஒங்களுக்கு நான் ஊசி போட வச்சிருவேன். அந்தப் புள்ளைகள ஆரு கூட்டிட்டுப் போவா அண்ணாச்சி? நோய் உண்டுன்னு கண்ணால காட்டுனாத்தான் இவுக நம்புவாக."

இரண்டு பிள்ளைகளும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தன. பெரியவள் தன் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அத்தான் வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தார்.

பிறகு, "மம்பட்டியக் கொண்டாலே மாப்ள" என்றார்.

அவரே தோண்டினார். கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குழாய் போகும்போது மைனரின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டதும் அவர்தான். துண்டில் மஞ்சள் அப்படியே இருந்தது. "பைய, பைய" என்று அத்தான்தான் அவளுக்குச் சொன்னார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. நோய் உண்டு. சந்தனமாரி செருப்புக்கூடப் போடாமல் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகிறபோது அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் தெருவில் கம்பு கூடியது. இருக்கிற நாயையெல்லாம் அடித்துப்போட வேண்டும் என்று ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள். அதுவரை வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அத்தான் எழுந்து போய் நடுத்தெருவில் நின்றார். கட்டுப் போட்ட கையை மேலே தூக்கிக் காட்டினார்.

"செவப்புப் பட்ட கட்டுன நாய் ஒண்ணும் தப்பு பண்ணலவே. அதுக்கெல்லாம் ஊசி போட்டாச்சு. எம் மைனர நான்தான் ஒளிச்சு வச்சேன். வீட்ல நாயே இல்லன்னு பொய் சொன்னேன். அடிக்கணும்னா என்னைய அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. யாரும் அவரோடு பேசவும் இல்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அடித்துப்போட்டிருந்தால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய்கள் வெளியூரிலிருந்து வந்திருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னாள்.

ஊசிகள் முடிந்தன. பயம் முடியவில்லை. இந்த நோய் சில பேருக்கு மாதங்கள் கழித்துக்கூட வரும், வந்தால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும், தொண்டையில் இறங்காது, முகத்தில் காற்றுப் பட்டாலே ஆகாது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தம்ளர். எழுந்ததும் முதல் வேலையாக அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அதை உற்றுப் பார்ப்பார். ஒரு வாய் குடிப்பார். தொண்டையில் இறங்குகிறதா என்று அக்கா அவர் கழுத்தையே பார்ப்பாள். "எறங்குது பாத்தியா?" என்பார். "எறங்குதுங்க" என்பாள். அதன் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் சளிபிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று தம்ளரைக் கையில் வாங்கவே இல்லை அவர். அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் நடந்தோம். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டபோது அவர் கண்ணைச் சுருக்கினார். அக்கா ஓடிப்போய் அதை நிறுத்தினாள். எனக்கும் தொண்டை வலிப்பதுபோல் இருந்தது. நானும் அந்த நாயைப் பிடித்தவன்தானே. டாக்டருக்குப் போன் செய்தோம். "நேரத்தோட ஊசி முழுசாப் போட்டாச்சு அண்ணாச்சி. பயப்படாதிய. வெந்நீர் வச்சுக் குடிங்க" என்றாள். குடித்தார். இறங்கியது. அக்கா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

பயத்தோடு சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, அவர் வேன் வரும் நாட்களில் அவர்களோடு போகத் தொடங்கினார். வலை வீசிப் பிடிக்க முடியாத நாய்கள் அவர் குரலுக்கு வந்து நின்றன. அவர்கள் எடுத்த ரத்தத்திலிருந்து ஒன்று தெரியவந்ததாம்: எங்கள் பக்கத்தில் பட்டினி கிடக்கிற நாய்களுக்கும் குட்டிகளுக்கும் ஊசியின் காப்பு சீக்கிரமே இறங்கிவிடுகிறது, ஒரு ஊசி போதாது. பணம் நின்றுபோகும் என்றிருந்த திட்டம் அந்தக் கணக்கைக் காட்டித்தான் நீண்டது. இரண்டாவது ஊசியும் எங்கள் நாய்களுக்குக் கிடைத்தது. நோயில் செத்த நாய்களின் பட்டியலில் மைனரும் ஒரு கணக்கு.

"எம் மைனர் பேர போட்டிருக்கியளாம்மா?"

"நம்பர்தான் அண்ணாச்சி."

"நம்பரா? தெருவுல அவன் போட்ட ஆட்டத்துக்குச் சிறைக்கைதி மாதிரி நம்பர்தான் சரி" என்று சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வருஷம் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தாடை தொங்கிய நாய் ஒன்றும் வரவில்லை. சந்தனமாரியின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவளும் பழையபடி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச ஆரம்பித்தாள். ஆனாலும் காலைத் தம்ளரை அத்தான் விடவில்லை. பழகிப்போச்சு என்பார். உற்றுப் பார்ப்பதையும் அவர் விடவில்லை என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

போன ஐப்பசியில் அவருக்குக் கால் வீங்கியது. இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். நீர் கோத்துக்கொள்ளும், தண்ணீரை அளந்து கொடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் கேட்பார். நாங்கள் இல்லையென்போம். நாக்கு வறண்டு உதட்டை நக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

கடைசி நாள் மத்தியானம் மூச்சு மேலே ஏறிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். கொடு என்று நான் தலையை அசைத்தேன். அவள் அந்தத் தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். அத்தான் கண்ணைத் திறந்தார். உற்றுப் பார்க்கவில்லை. அக்காவின் கையைத் தாங்கிப் பிடித்து முழுத் தம்ளரையும் அவராகவே குடித்தார். கழுத்தில் ஒவ்வொரு மிடறும் இறங்குவதை அக்கா பழைய வழக்கத்தில் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எறங்குது பாத்தியா?" என்றார்.

"எறங்குதுங்க."