வெள்ளை வீட்டில் ஒரு நீலக் கோடு

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடற்கரையோரம் எங்கள் புது வீடு. பதினெட்டு வருடம் வளைகுடா நாட்டில் மீன்பிடி வேலை பார்த்த என் கணவர், 'இனி போகமாட்டேன்' என்று சொல்லி ஊர் வந்து சேர்ந்த மாதம் அது.

அவர் அங்கே இருக்கும்போதே வீட்டை நான் ஒருத்தியாக நின்று கட்டி முடித்திருந்தேன். அலங்கரித்ததும் நான்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் ஹாலுக்கு ரோஸ், அடுக்களைக்குப் பச்சை, முகப்புக்கு மஞ்சள் என்று திருவிழா மாதிரி இருக்கும். எனக்கு அது ஆகாது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு முடிவு எடுத்தேன். வீடு முழுக்க ஒரே பாணி, ஒரே நிறம். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, கதவு வெள்ளை, சுவிட்சு வெள்ளை, மேசை வெள்ளை, அதன்மேல் வைக்கும் தட்டும் வெள்ளை. ஹாலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு இறங்க ஒரு படி உண்டு. அதுவும் வெள்ளை.

ஒட்டாத எதையும் உள்ளே விடவில்லை. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நாத்தனார் ஆசையாய்க் கொண்டுவந்த பூப்போட்ட திரைச்சீலையை அலமாரியில் பூட்டினேன். முன்னால் எரிகிற சிவப்பு பல்பு ஹாலுக்குப் பொருந்தவில்லை என்று இருதய ஆண்டவர் படத்தையே படுக்கையறைக்கு மாற்றினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "மைனி, ஆண்டவரும் வெள்ளையடிச்சாத்தான் ஒங்க ஹாலுக்கு வரணுமா?" என்று அவள் கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. போன் வழியாக ஒவ்வொரு மூலையையும் அவருக்குக் காட்டுவேன். எதைக் காட்டினாலும், நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் ஒரே வார்த்தையைத்தான் அவர் சொன்னார். "கொள்ளாம், கொள்ளாம்."

வந்த அன்றைக்கே அந்தப் படியில் கால் இடறி, நாத்தனார் மேலேயே போய் விழுந்தார். மறுநாள் சாயா டம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைத்துத் தரையெல்லாம் கொட்டினார். அதற்கடுத்த நாள் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார். ஆப்பம் சுட்டு வைத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு, தட்டில் இருக்கிற இன்னொன்றைத் தொடாமல் எழுந்து போவார். இது குடிதான், வேறென்ன?

ஒருநாள் நாத்தனார் முன்னாலேயே அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். வாடை ஒன்றும் இல்லை. ஏலக்காய் மென்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் வாடை இல்லாததும் ஒரு சாட்சிதானே!

"பதினெட்டு வருசம் நான் காத்துக் கெடந்தது இதுக்கா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஏட்டி, நான் தொடல்ல" என்றார். நான் நம்பவில்லை. ஒரு வாரம் பேசவும் இல்லை. கடைசியில் அவர், "நான் தம்பி வீட்டுல போயி கெடக்கேன். எனக்கு அந்த வீடுதான் பழக்கம்" என்றார். குடிக்க வசதியான இடம் தேடுகிறார் என்றுதான் அதற்கும் அர்த்தம் எடுத்தேன். "போங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பையில் துணி அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை பத்து மணி. நல்ல மழை. சாரல் ஹாலுக்குள் அடித்துப் படியோரம் தண்ணீர் நின்றதால், அவர் தலை துவட்டுகிற பழைய நீலத் துவர்த்தைச் சுருட்டிப் படி விளிம்பில் போட்டிருந்தேன். அவர் வந்தார். துவர்த்தைத் தாண்டி, அளந்து வைத்தது மாதிரி கால் வைத்து இறங்கினார். சாயா குடித்தார். அதற்குள் நான் துவர்த்தை எடுத்துப் பிழிந்து வெளியே போட்டுவிட்டேன். திரும்பிப் போனவர் அதே படியில் கால் தட்டி முன்னால் விழுந்தார். கண்ணாடி டீப்பாயின் முனைக்கும் அவர் நெற்றிக்கும் நடுவில் நாலு விரல்கடை இருந்திருந்தால் அதிகம்.

ஈசோவே! ஓடிப்போய்த் தூக்கினேன். என் கையால் போட்ட சாயாவைத் தவிர அன்றைக்கு அவர் வாயில் எதுவும் படவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இஞ்ச பாருங்க, ஒங்களுக்குக் கண்ணு தெரியல்லியா?"

அவர் படி விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். "சுகர் கண்ணுல எறங்கிட்டு. ரெண்டு வருசமாச்சு. வெள்ளையில வெள்ளை இருந்தா ஒண்ணும் காணல்ல. அதனாலதான் வேலைய விட்டேன்."

"அப்ப போன்ல வீட்டக் காட்டும்போ கொள்ளாம் கொள்ளாம்னு சொன்னது?"

"ஒண்ணும் காணல்ல மக்கா. ஒனக்க சத்தத்துல சந்தோசம் கேட்டு. அதான் கொள்ளாம்னு சொன்னேன்."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். அதுதான் இன்னும் அவமானம்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அது போதும் என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் என் வெள்ளைத் துப்பட்டாவை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஐயோ, நான் பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டில் எனக்கே வழி தெரியவில்லை. படியில் இடறினேன், சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினேன், கதவு என்று நினைத்துச் சுவரில் இடித்துக்கொண்டேன். "பைய வா, பைய வா" என்று அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து நடத்தினார். அவர் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் இடறின இடத்திலெல்லாம் கரிக்கோடு போட்டு வைத்தேன்.

கலியாணமான புதிதில் நான் கரையில் நின்று அவருடைய மீன்பிடி வள்ளத்தைத் தேடுவேன். தூரத்தில் ஆள் தெரியாது, நீல நிறம் தெரியும். அவர் வந்துவிட்டார் என்று மனசு நிறையும். கொழுந்தனுடைய வள்ளத்துக்கும் அதே நீலம்தான். மீதி பெயின்டைக் கேட்டேன். டப்பாவோடு வந்தவன், "வீட்டையும் கடல்ல எறக்கப் போறியளா மைனி?" என்று கேலி செய்துவிட்டு, அவனே உட்கார்ந்து அடித்துத் தந்தான்.

கால் வைக்கும் இடம், கை வைக்கும் இடம், அங்கே மட்டும் நீலம். படி விளிம்பு, கதவு நிலை, சுவிட்சைச் சுற்றி ஒரு கோடு, மேசை ஓரம். கண்ணாடிக் கதவில் மார்பளவில் ஒரு பட்டை. வேறெங்கும் ஒரு பொட்டு கிடையாது. தட்டையும் டம்ளரையும் நீலமாகவே வாங்கினேன். இருதய ஆண்டவர் ஹாலுக்குத் திரும்பி வந்தார். அந்தச் சிவப்பு பல்பைப் பார்த்துத்தான் என் கணவர் இப்போது படுக்கையறைக்குத் திரும்புகிறார். நாத்தனாரின் திரைச்சீலையும் அலமாரியை விட்டு வெளியே வந்தது. அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அடுக்கிய பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்தவரும் அவரேதான்.

போன மாதம் வீடு கட்டுகிற ஒரு உறவுக்காரப் பெண் வந்து போட்டோ எடுத்துத் தள்ளினாள். "சூப்பரா ஒரே ஸ்டைல்ல இருக்கே, யாரு டிசைன் பண்ணினது?" என்று கேட்டாள். "எனக்க மாப்பிளைக்க கண்ணு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன்.

இப்போது காலைச் சாயா அவர்தான் போடுகிறார். இரண்டு கையிலும் நீல டம்ளரோடு, அந்த நீலக் கோட்டில் கால் வைத்து ஹாலுக்கு ஏறி வருவார். "கொள்ளாமா?" என்று கேட்பார். டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது ஏலக்காய் மணக்கும். அன்றைக்கு அவர் வாயை மோந்து பார்த்த இந்த மூக்கு வெட்கப்படாமல் எனக்கு இன்றுவரை ஒரு சாயாவும் இறங்கியதில்லை.