பக்கத்து வீட்டு நிரை

தூக்கத்துக்காகக்கூட ஒருத்திமேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், வயிறு எரிய எரியப் பட்டிருக்கிறேன் என்பேன். எனக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. நாங்கள் சிடாம் கிரிக்கு உள்ளே ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு ஓர் ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும். அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கூரை. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் அடுத்த வீட்டில் வெறும் சோறு இறங்கிவிடும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பவளத்தின் வீடு. என் வயதுக்காரி, சதா மூக்கொழுகி. அவளுக்கு நடுராத்திரியில் விழிப்பு வரும். சிணுங்குவாள். உடனே அவள் அப்பா தொடங்கிவிடுவார். அவருக்குத் தாலாட்டும் தெரியாது, ராஜா ராணிக் கதையும் தெரியாது. அவர் பால்மரம் வெட்டுகிறவர், பட்டையைக் கீறிக் கித்தாப் பால் எடுப்பவர். தினமும் தான் வெட்டுகிற மரங்களின் வரிசை, அதுதான் அவருடைய நிரை, அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். ஆகவே மகளை இருட்டிலேயே நிரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

“இந்தா பவளம், இதான் கோணக்கழுத்து மரம். குனிஞ்சு வெட்டணும். வெட்டியாச்சா? மங்குக் கோப்பைய நேரா வையி, பால் கீழ ஊத்தும். அடுத்தது ரெட்டத்தலை மரம். சத்தம் போடாத, மேல கொரங்கு தூங்குது. இது சோம்பேறி மரம், என்னா வெட்டுனாலும் சொட்டுத்தான் போடும்...”

எறும்புப்புற்று மரம், மின்னல் கருக்கிய மரம் என்று நிரை நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஓடை வரும். ஓடைமேல் ஒற்றைப் பலகைப் பாலம். “கையப் புடிச்சுக்க பவளம், பலக வழுக்கும்” என்பார். அவ்வளவுதான், பவளம் தூங்கியிருப்பாள். அவரும் நிறுத்திவிடுவார். ஓடைக்கு அந்தப் பக்கம் என்னென்ன மரங்கள் நின்றன என்பது கடைசிவரை தடுப்புக்கு மேலே வரவே இல்லை. இந்தப் பக்கம் நான் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன்.

என் அப்பாவுக்கு உறைந்த பாலை உலர்த்தும் புகை வீட்டில் வேலை. கித்தாவை அவர் தகடு தகடாகத் தொங்குகிற பொருளாகத்தான் அறிவார். உடம்பெல்லாம் புகை நாற்றத்தோடு வந்து, சாப்பிட்டுப் படுத்தால் கட்டைதான். அம்மாவுக்கு வெளிக்காட்டில் புல் வெட்டு. பக்கத்து வீட்டுக் குரல் கேட்டால் அம்மா இருட்டில் சிரிப்பாள்.

“அண்ணன் ராத்திரியிலயும் மரம் வெட்டுறாரு. கூலிக்கணக்கு எழுதுற கிராணி இதுக்கும் ஒரு நாள் பேரு போட்டாத் தேவல.”

நானும் ஒருநாள் விழிப்பு வந்தவளாகச் சிணுங்கிப் பார்த்தேன். அப்பா எழுந்து, “என்னாம்மா, தண்ணியா?” என்று குவளையை நீட்டினார். வேண்டாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். குடித்தேன். மறுநாளும் சிணுங்கினேன், மறுநாளும் தண்ணீர். மூன்றாம் நாள் பாய் நனைந்ததுதான் மிச்சம். அம்மாவிடம் வாங்கியதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

அந்த எரிச்சலில், குழாயடியில் பவளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்கப்பாரு ராத்திரி என்னாமோ பொலம்புறாரே, பேயி கீயி அடிச்சிருச்சா?”

அவள் அழுவாள் என்று பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அது எங்கப்பா எனக்குச் சொல்றது. நீ ஏன் கேக்குற?”

அன்றிரவு காதைப் பொத்திக்கொண்டு படுத்தேன். சோம்பேறி மரம் வருகிற நேரமாயிற்றே என்று கையை எடுத்துவிட்டேன். அந்த வெட்கத்தில் அவள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. ஓடைவரை வந்து தூங்கிவிடுகிற மூதேவிக்கு எதற்கு இப்படி ஓர் அப்பா என்று இருந்தது.

வேலை வாங்குகிற தண்டலோடு ஒருநாள் ஏதோ வாய்த்தகராறு. பவளத்தின் அப்பா கோலா கெத்தில் பக்கம் வேறு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். மாட்டுவண்டியில் பாயும் தகரப் பெட்டியும் ஏறின. மேலே பவளம் உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. தொலைந்தாள் என்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சந்தோஷம் இருட்டும்வரைதான் இருந்தது. நடுராத்திரியில் பழக்கப்படி விழித்துக்கொண்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புரண்டேன். மரங்களை நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லத் தூக்கம் தெளிந்ததே தவிர வரவில்லை. அழுகை வந்தது. இந்தத் தடவை நிஜ அழுகை.

அப்பா பக்கம் பாய் சரசரத்தது. குவளை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தா பவளம், இதான் கோணக்கழுத்து மரம். குனிஞ்சு...”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“எம்பேரு பவளமா?”

அப்பா திகைத்துப்போனார். “இல்லம்மா... அவரு அப்டித்தான் சொல்லுவாரு. அப்டிச் சொன்னாத்தான் தூக்கம் வரும்போலன்னு...”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா வாயிலும் அவள் பேரா! அப்பா மறுபடி தொடங்கினார். என் பேரைச் சேர்த்துத்தான் சொன்னார், ஆனாலும் ஒவ்வொரு மரத்திலும் ‘ப’ என்று வாயெடுத்து விழுங்கினார். குரங்குக்காகக் குரலைத் தாழ்த்தினார். புற்று மரம், கருகிய மரம் எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாமா நிஜமாகவே பிடிப்பாரா என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் கை புகையில் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

நான் தூங்கவில்லை. “அப்புறம்?” என்றேன்.

“அதுக்கு அங்கிட்டு நான் கேட்டதில்லையேம்மா.”

கையை உருவிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தப் பவளம் இந்நேரம் கோலா கெத்திலில் ஏதோ ஒரு புது நிரையில், அவள் அப்பாவோடு ஓடையைத் தாண்டிப் போயிருப்பாள். எனக்கு வாய்த்தவரோ அவள் மிச்சம் வைத்த மரங்களைக்கூட முழுதாகச் சொல்லத் தெரியாதவர். அப்படி நினைத்து நினைத்து அழுதே தூங்கிப்போனேன்.

கட்டை மாதிரிக் கிடக்கிறவருக்கு அத்தனை மரமும் எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்குச் சொன்னதை, தன் மகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் விழித்துக் கிடந்து கேட்கிறாள் என்று தெரிந்து, அவரும் ஓடைவரை விழித்தே கிடந்திருக்கிறார். பொறாமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.