ஏழு முறை அழித்த எண்

இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இனிமேல் கார் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது மார்ச் மாதக் கடைசியில். ஏப்ரலில் காரை விற்பதென்று முடிவு செய்தேன். பதிமூன்று வருடப் பழைய கார். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம் வாங்கியது.

வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர், லேக் கார்டன்ஸில் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் பைபாஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். போகும்போது வாடகை வண்டி கிடைத்துவிடும். திரும்புவதுதான் பாடு. நான்கு மணி நேரம் படுத்து எழுந்த உடம்போடு அந்த அம்மாள் வாசலில் காத்திருப்பார். டிரைவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்துகொண்டிருப்பார்கள்.

"அவளக் கொண்டுவந்து வீடு சேக்கணும் சார். வழியில நிக்காத வண்டியா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

ஒப்படைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, பெஹாலாவிலிருந்து எங்கள் வழக்கமான மெக்கானிக்கை வரவழைத்தேன். எஞ்சினில் கோளாறு வந்தால் காரின் கணினி அதை ஓர் எண்ணாகப் பதிந்துவைத்து, முன்பலகையில் மஞ்சள் விளக்கை எரியவிடும். ஸ்கேனரைச் செருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். மெக்கானிக்கின் ஸ்கேனரில் எந்த எண்ணும் வரவில்லை. ஆனால் திரையைத் தள்ளிப் பார்த்தவர் வங்க மொழியில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தாதா, அழிச்சுப் பதினோரு கிலோமீட்டர்தான் ஆகுதுன்னு காட்டுது. நீங்களுமா?"

"நான் எப்பவுமே அழிச்சிடுவேன். விக்கிறதுக்காக இல்ல."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குப் பவுடர் போடறதுதானே? விடுங்க, வண்டி சுத்தமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடங்களாக என்னிடமும் ஒரு சிறிய ஸ்கேனர் உண்டு, அதற்கென்று ஒரு நோட்டும் உண்டு. விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம். தேதி, கிலோமீட்டர், எண், காரணம், நடவடிக்கை. அதைத் திருத்தமாக ஒரே தாளில் பிரதி எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டால் யாரும் என்னைச் சந்தேகிக்க முடியாது என்று நினைத்தேன். அன்று மாலையே கட்டம் போட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வரிக்கு வந்தபோது கை நின்றது. பி0335. இரண்டாவது வரியிலும் அதே எண். மூன்றாவதிலும். மொத்தம் பதினோரு பதிவுகள். அவற்றில் ஏழு, அந்த ஒரே எண். எஞ்சின் சுழல்வதைக் கவனித்துக் கணினிக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்பது அதன் பொருள். ஏழும் வெயில் மாதங்களில் அல்லது துர்கா பூஜை நெரிசலில். மூன்று இடங்களில் என் கையெழுத்திலேயே இருந்தது: "வண்டி நின்றது. பத்து நிமிடத்தில் கிளம்பியது." காரணம் என்ற இடத்தில் ஒருமுறை நெரிசல், ஒருமுறை ஏசி, ஒருமுறை பெட்ரோல். நடவடிக்கை என்ற இடத்தில் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: "அழிக்கப்பட்டது. சரி."

பக்கத்துக்கு ஒன்றாக எழுதியதால் அவற்றை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நான் எதையும் சரிசெய்திருக்கவில்லை. எழுதியதையே செய்ததாக எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அதை இங்கே மறைப்பதில் பயனில்லை. மெக்கானிக் சுத்தம் என்று சொல்லியாகிவிட்டது. ஸ்கேனரும் அதையே சொல்கிறது. ஒரு காப்பி குடித்து முடிக்கும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த வண்டி நிக்கும்."

"என்ன சார் சொல்லுதிய? மிஸ்திரி நல்லாருக்குன்னுல்லா சொன்னாராம்."

"அதுல இருந்த நம்பரை நான் அழிச்சிட்டேன். அதனால அவருக்குத் தெரியல."

"எதுக்கு அழிச்சிய?"

"விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எனக்குத் தாங்காது."

அவர் தராசைக் கீழே வைத்தார். "நல்ல ஆளு சார் நீங்க. அடுப்புல தீஞ்சா மூக்கப் பொத்திக்கிடுவியளோ?"

எப்போது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். சனிக்கிழமை இரண்டு மணி வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போனோம். அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, கஸ்பாவிலிருந்து கரியாஹாட் பக்கம் வரும் பாலத்தின் ஏற்றத்தில், வண்டி சத்தமே இல்லாமல் அணைந்தது.

பின்னால் ஒரு மினிபஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன தாதா, பாலத்துல குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கத்தினான். அண்ணாச்சி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, முதலில் பின் இருக்கையைத்தான் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அவ இருந்திருந்தா இந்நேரம் தலை சுத்தும் சார்" என்றார்.

நான் என் ஸ்கேனரைச் செருகினேன். பி0335. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை அழிக்காமல் விட்டேன். பதினான்கு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது.

மெக்கானிக் சென்சாரை மாற்றினார். அதற்குப் போகும் ஒயரின் உறை சூட்டில் உருகியிருந்தது, அதையும் மாற்றினார். அதன் பிறகும் அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, பின் இருக்கை காலியாக இருக்க, அதே வழியில் ஓட்டினார். ஆறு நாள். ஒவ்வொரு நாளும் நான் கூடப் போனேன். விளக்கு எரியவில்லை. ஸ்கேனரிலும் எதுவும் வரவில்லை. அவருக்கு மட்டும் மனம் வரவில்லை.

"நின்னதையும் அவகிட்ட சொல்லிட்டேன், சரிபண்ணதையும் சொல்லிட்டேன். இனி அவதான் சொல்லணும்" என்றார்.

ஏழாவது நாள் அந்த அம்மாள் தானே இறங்கி வந்தார். டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, எந்த இடத்துல நின்னுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"பாலத்து ஏத்தத்துல."

"அங்க போகச் சொல்லுங்க."

போனோம். பாலத்தில் நல்ல நெரிசல். ஏற்றத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்தேன். அந்த அம்மாள் ஜன்னல் வழியே கீழே ரயில் தண்டவாளங்களைப் பார்த்தபடி வந்தார்.

பாலம் இறங்கியதும் அவர் தன் கணவரிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலையில ஆறரைக்கு இதுலயே போவோம்." பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.