மரணம் பற்றி ஒரு மின்னஞ்சல்

இன்று மாலை ஐந்து மணிக்குள் எம்.ஏ. தத்துவக் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் இரண்டு முறை இணைப்பு அறுந்து, தட்டச்சு செய்ததெல்லாம் போய்விட்டது. மூன்றாம் முறை தொடங்கினேன்.

கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: “இதப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?”

“வேலை இருக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். இந்த வாரம் செத்தவங்க ரெண்டு பேரு கண்ண மூடிவிட்டேன். அதான் படிக்கேன்.”

அவர் மற்ற கணினிகளில் இருந்த இருவரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டு, இணைப்பை எனக்கு மட்டும் கொடுத்தார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கட்டுரை போய்ச் சேர்ந்தது. தலைப்பு: மரணம் தீமையா?

“என்ன பதில் எழுதிருக்கீய?”

“மூணு பக்கம் எழுதிட்டேன். இன்னும் தெரியல அண்ணாச்சி.”

நம் மின்னஞ்சல் குழுவில் யாருக்காவது பதில் தெரிந்தால் உடனே எழுதுங்கள். நாளையும் அந்தக் கடைக்குத்தான் போகிறேன், பதிலைக் கேட்காமல் அண்ணாச்சி விடமாட்டார்.