நான் கிடக்காத பட்டினி

என் மகள் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பம் போட்ட வருஷத்தில்தான், நான் பட்டினி கிடந்த விஷயம் எனக்கே தெரியவந்தது.

மும்பை தாராவியில் மெஸ் நடத்துகிறவள் நான். தோல் பட்டறைப் பையன்கள், கடைக்காரர்கள், மாஹிமிலிருந்து நடந்தே வரும் ஆபீஸ்காரர்கள் என்று எத்தனையோ பேர் என் கையால் சாப்பிடுகிறார்கள். என் வீட்டில் சோறு மிஞ்சியிருக்கிறது, ஒருநாளும் குறைந்ததில்லை. அன்று காலை மகள் குளிக்கப் போயிருந்தாள். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரை லேப்டாப்பில் திறந்து கிடந்தது. பத்தாவதோடு நின்ற என் இங்கிலீஷுக்கு அது எட்டாது. ஆனால் போனில் படம் பிடித்தால் அதுவே தமிழாக்கித் தந்துவிடுகிறதே! தந்தது: 'நான் உண்ண வேண்டும் என்பதற்காக என் தாய் பல இரவுகள் நீர் மட்டும் அருந்தி உறங்கினாள்.'

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினேன்.

"ஏட்டி, வெளிய வா! நான் என்னைக்குத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தேன்? ஊருக்கே சோறு போடுதவ வீட்டுல பட்டினியா? படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

தலையில் துண்டோடு வந்தாள். "அரே அம்மா, கத்தாத. தாராவின்னு போட்டா கஷ்டம் இருக்கணும். கிளாஸ்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க."

கிளாஸ் என்றால் செம்பூரில் அவள் போய்க்கொண்டிருந்த பயிற்சி வகுப்பு. அங்கிருந்த சார் நல்ல மனுஷன்தான். சேர்க்கப் போனபோது நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். பெரிய வார்த்தைகளை அடுக்காதே, எல்லாக் காலேஜுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பாதே, மார்க்கையே திருப்பித் திருப்பிச் சொல்லாதே, நீயாகப் பொறுப்பெடுத்து ஒன்றைச் செய்தாயே, அதை எழுது என்று பொறுமையாகச் சொன்னார். இவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

"அந்த சார் சொன்ன மாதிரி நீ செஞ்சத எழுதேன். பொய் எதுக்குட்டி?"

"நான் என்ன செஞ்சேன்? நீயே ஒண்ணு சொல்லு, எழுதிடறேன்."

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவளை ஒரு எச்சில் தட்டு எடுக்க விட்டதில்லை நான். கல்லாவில் உட்கார விட்டதில்லை. காய் வாங்கப் போகும்போதுகூட அழைத்துப் போனதில்லை. அடுப்படிப் பக்கம் வந்து நின்றாலே, "இந்தக் கருமம் என்னோட போகட்டும், போய்ப் படி" என்று விரட்டினேன். நாளைக்கு எவரும் அவளை மெஸ்காரி மகள் என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. அப்படி வளர்ப்பதில் பெருமை வேறு. வியாபாரம் படிக்கப் போகிற இடத்தில், வீட்டு வியாபாரத்தில் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள் என்று நான் கண்டேனா?

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. "ஒன்பதாங்கிளாஸ்ல சொன்னியே! மதியம் யாரெல்லாம் வருவாங்கன்னு காலையிலயே வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டா சோறு வீணாகாதுன்னு. அத எழுது."

"சொன்னேன். நீ போனைப் பிடுங்கி வச்சிக்கிட்டுத் திட்டின. அடுத்த வருஷம் நீயே க்ரூப் ஆரம்பிச்ச. அதுல என்னையச் சேர்க்கக்கூட இல்ல."

உண்மைதான். அது அவள் சொன்ன யோசனை என்பதையே மறந்து, எல்லாம் என் மூளை என்று இத்தனை நாளும் வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அதையே எழுது. அம்மா என்னையச் செய்ய விடலன்னு எழுது."

அவள் லேப்டாப்பை மூடினாள். "வேண்டாம்மா. பட்டினி கிடந்த அம்மான்னா எல்லாருக்கும் பிடிக்கும். விரட்டிவிட்ட அம்மாவ யாருக்குப் பிடிக்கும்? உன்னைய எவனும் தப்பா நினைக்க வேண்டாம்."

நான் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முகம் தெரியாத யாரோ என்னைத் தப்பாக நினைப்பதைவிட, பட்டினி கிடந்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று எனக்கும் தோன்றிவிட்டது. இன்றுவரை மனசை அரிப்பது அதுதான்.

கட்டுரை அனுப்பினாள், நேர்முகத் தேர்வுக்கும் அழைத்தார்கள். போய்விட்டு அவள் திரும்பி வந்த நேரம் மெஸ்ஸில் கூட்டம். ஓரத்து மேஜையில் வந்து உட்கார்ந்தாள். முகமே சரியில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன கேட்டாவ?"

"அம்மா பசியோட படுத்தாங்களே, அப்ப நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"படிச்சிட்டிருந்தேன்னு சொன்னேன். வேற என்ன செஞ்சீங்கன்னாங்க." எடுத்த டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "எவ்வளவோ யோசிச்சேம்மா. ஒண்ணும் செய்யலன்னு சொல்லிட்டேன்."

சீட் கிடைக்கவில்லை. இப்போது அந்தேரியில் ஏதோ கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். மறுபடி விண்ணப்பம் போடு என்றால் பேச்சை மாற்றிவிடுகிறாள். பொய் எழுதியதால்தான் போயிற்று என்று அவள் நினைக்கிறாள். ஆனால் அங்கே அவள் கடைசியாகச் சொன்னது பொய்யில்லை. ஒன்றும் செய்யாமலிருக்கும்படி அவளைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் நான்தான்.