மாற்றி வைத்த தாள்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கொசு அக்கா. சுகாதார அலுவலகத்தில் பதினோரு வருட வேலை. வீடு வீடாக நுழைந்து, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து, ஃபிரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்து, "இதென்ன, கொசுவுக்குக் குளம் வெட்டி வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே வாளிகளைக் கவிழ்க்க ஓடுவார்கள்.

தெருவுக்கு ஒரு கறுப்புக் குவளை. பாதி தண்ணீர், உள்ளே சொரசொரப்பான ஒரு தாள். கொசு அந்தத் தாளில் முட்டையிடும். வாரம் ஒருமுறை தாளை எடுத்து, முட்டைகளை எண்ணி எழுதி, தாளையும் உறையில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை ஏறிய தெருவுக்கு, டெங்கு வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து சல்லடை போட்டுச் சலித்துவிடுவார்கள். இந்தத் தெருவின் குவளை அவள் வீட்டுப் பின்புறத்திலேயே இருந்தது. அவளைவிடப் பொறுப்பானவர் யார் கிடைப்பார்கள்!

ஒரு திங்கட்கிழமை தாளை எடுத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடுகை நுணுக்கித் தூவியதுபோல் கறுப்புக் கறுப்பாய் முட்டைகள். லென்ஸை வைத்து எண்ணினாள். நூற்று நாற்பத்தாறு. மறுபடி எண்ணினாலும் குறைவேனா என்றது. சந்தேகம் தட்டி, தன் ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் இருந்த தட்டில் தண்ணீர் தேங்கி, புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஊரார் ஃபிரிட்ஜை எல்லாம் நகர்த்த வைத்தவள், தன்னுடையதை வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை.

வெளியே தெரிந்தால் தெருவே கைகொட்டிச் சிரிக்காதா? நினைத்ததுமே வெட்கத்தில் முகம் எரிந்தது. தட்டைத் தேய்த்துக் கழுவினாள். முட்டைத் தாளைக் கொதிநீரில் போட்டுக் கசக்கி எறிந்தாள். புதுத் தாள் ஒன்றை நனைத்து உறையில் வைத்து, மேலே பூஜ்யம் என்று எழுதினாள். 'அதான் சுத்தம் பண்ணியாச்சே' என்று மனதுக்கு ஒரு சமாதானம் வேறு. ஏற்கெனவே பறந்துபோன கொசு அவள் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுமா என்ன? மற்றவர்களுக்கு இதையே பதினோரு வருடம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்.

பூஜ்யம் என்று போன தெருவுக்கு யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் காய்ச்சலில் விழுந்தாள். நாலாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

கொசு அக்கா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். வராந்தாவில் பெண்ணின் அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தலைதலையா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் காதுல போட்டுக்கல. உங்க குவளையில ஒண்ணுமே இல்லையாமே? அப்ப எங்க வீட்டு அழுக்குதான என் பொண்ணைப் படுக்க வெச்சிருக்கு? அவங்க அப்பா என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேங்கறார்."

'அழாதம்மா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே கொசு அக்காவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"குவளையில நூத்தி நாப்பத்தாறு முட்டை இருந்துச்சும்மா," என்றாள். "என் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி புழு. அவமானத்துக்குப் பயந்து தாளை மாத்திட்டேன்."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிடித்திருந்த கையை விட்டாள்.

"நாலு நாளா வீட்டுல ஒரு வாளி விடாம தேய்ச்சுட்டிருந்தேன்," என்றாள் மெல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினாள். "வாங்க. இதை அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

கொசு அக்கா தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் நடந்தாள்.