எடைமேடை பானுப்பிரியா

லாரி மேடையில் ஏறியதும் பானுப்பிரியா முதலில் பார்ப்பது திரையில் ஓடும் எண்ணை அல்ல, சக்கரங்களை. பின்சக்கரம் ஒரு சாண் வெளியே நின்றாலும் எடை டன் கணக்கில் குறைந்துவிடும். கண்ணாடிச் சன்னலை ஒரு விரலால் தள்ளி, தலையை மட்டும் வெளியே நீட்டுகிறார்.

"அண்ணே, பின் டயரு மண்ணுல நிக்கிது. இன்னும் ரெண்டடி வாங்க."

"நிக்கலையே தாயி."

"நிக்கிது. இறங்கிப் பாருங்க. நான் அதுவரைக்கும் டீ குடிக்கேன்."

டிரைவர் இறங்குவதில்லை. சிரித்தபடி வண்டியை முன்னே எடுக்கிறார். எண் ஓடி நிற்கிறது. பானுப்பிரியா எடைச்சீட்டைக் கிழித்து, அரசின் கனிமத் துறை கொடுத்த நடைச்சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து நீட்டுகிறார். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்தச் சுண்ணாம்புக்கல் சாலைக்குப் போகலாம். எத்தனை டன் வெளியே போனது என்பதற்கு அந்தச் சீட்டுகள்தான் சாட்சி. அதை வைத்துத்தான் கல்லுக்கு உரிய பங்கு அரசுக்குப் போய்ச் சேரும்.

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கரிசல் காட்டைக் கீறிக்கொண்டு இறங்கும் குவாரி அது. மேலே நான்கைந்து அடி கறுப்பு மண். அதற்குக் கீழே கற்கண்டை உடைத்துப் போட்டதுபோல் மின்னும் வெள்ளைக் கல். எடைமேடையின் ஓரத்தில் எட்டுக்கு எட்டு அறை. உள்ளே கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் கேன், டிபன் டப்பாவில் நறுக்கிய வெள்ளரி. பானுப்பிரியாவுக்கு முப்பத்து நான்கு வயது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். அப்படியும் மாலையில் புருவம் வெளுத்துவிடும். திருத்தங்கல் போகிற பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மாவு மில்லில் வேலையா என்று கேட்பார்களாம். "ஆமாங்க, கல்லு மாவு" என்பாராம்.

அவரை எனக்குத் தெரியவந்தது ஒரு சண்டையால். திருத்தங்கலில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். வருஷக் கடைசியில் காலண்டர், மற்ற மாதங்களில் பில் புத்தகம், எடைச்சீட்டு. அந்தக் குவாரிக்கு முதல் முறை சீட்டுப் புத்தகங்கள் அனுப்பிய மூன்றாம் நாள் போன் வந்தது.

"அபுதாஹிர் பாய்ங்களா? ஒரே நம்பர் ரெண்டு புத்தகத்துல விழுந்திருக்கு."

"ஒண்ணைக் கிழிச்சுப் போட்ருங்கம்மா."

"நான் கிழிச்சிருவேன். நான் லீவுல இருக்கிற அன்னைக்கு வர்ற ஆளு கிழிப்பாகளா? ஒரு நம்பருல ரெண்டு லாரி போயிரும் பாய். மொத்தத்தையும் மாத்திக் குடுங்க."

முப்பது வருஷத் தொழிலில் யாரும் என் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியதில்லை. திட்டிக்கொண்டேதான் மறுபடி அச்சடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்த அன்று, ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் போனில் ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. கல்யாணம், காட்சி எதுவும் அதில் இல்லை. எல்லாம் பாலம், அணைக்கட்டு, மெட்ரோ ரயில் தூண், துறைமுகத்து மதில். இங்கே கல் ஏற்றும் டிரைவர்களில் சிலர் சிமெண்ட் லோடும் அடிக்கிறவர்கள். கேரளா, ஆந்திரா என்று போன இடத்தில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். "இது நம்ம கல்லு பாய்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். சிமெண்ட்டோடு முடிகிற விஷயமும் இல்லையாம். இரும்பு உருக்குகிற ஆலைக்குப் போகிறது, சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு தெளிய வைக்கப் போகிறது, பொடியாகி நாமக்கல் கோழித் தீவனத்தில் கலக்கிறது. "காலையில நீங்க உடைச்ச முட்டை ஓட்டுலயும் நம்ம கல்லு கொஞ்சம் இருக்கும்" என்றார் ஒரு நாள். அதன் பிறகு முட்டை உடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவாரி ஞாபகம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது குவாரிக்குள், ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரத்துக்கு வெட்டிய மூன்று படி இறக்கம் இருந்ததாம். இப்போது ஆறு. இன்னும் இருபது வருஷத்துக்குக் கல் இருக்கும் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார்.

"நெல்லுன்னா அறுத்தாலும் மறுபடி விதைக்கலாம். இதை ஒரு தடவைதான் எடுக்க முடியும். எடுக்கிறது ஒழுங்கா கணக்குல வரட்டும். அப்பத்தான் நாளைக்கு அது ஒரு ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா நிக்கும்."

எடைமேடையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இப்படிப் பேசுவது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. காரணம் தெரியவந்தது போன நவம்பரில்.

அந்த மாதம் சிமெண்ட் ஆலையிலிருந்து அவசர ஆர்டர். குவாரியில் நடைச்சீட்டு தீர்ந்துவிட்டது. புதிதாக வர நான்கு நாள் ஆகும். மேனேஜர் பாண்டிச்செல்வம் அறைக்கு வந்து, பத்து லோடை மட்டும் எடை போட்டு அனுப்பச் சொன்னார். சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சீட்டு வரட்டும் சார், அனுப்புறேன்."

"நாலு நாளு ஆலை காத்துக்கிட்டு இருக்குமா? அனுப்புன்னா அனுப்பு."

"பேப்பர் இல்லாம இங்கன இருந்து ஒரு வண்டியும் போகாது சார்."

"உனக்கு என்ன வந்துச்சு? உங்க அப்பன் வீட்டுக் கல்லா?"

"அப்பா வீட்டுக் கல்லு இல்ல. எங்க அம்மாவுக்கு இதுல கொஞ்சம் பாத்தியம் இருக்கு."

மேனேஜருக்கு அது திமிர்ப் பேச்சாகப் பட்டது. அறைச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பானுப்பிரியா என் அச்சகத்து வாசலில் நின்றார். எனக்கு அப்போது காலண்டர் சீசன். அட்டையில் தேதித் தாள் கட்டை ஒட்ட ஆள் போதாத நேரம். பசை வாளியைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். அன்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, கேட்காமலேயே சொன்னார்.

அவருடைய அம்மா சோலையம்மாள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சக்கரம் சுற்றியவர். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், பக்கத்து அறையில் வெடிமருந்து கலக்கும்போது தீப்பிடித்தது. சோலையம்மாள் இருந்த அறையில் நான்கு பேர். முன்பெல்லாம் இப்படி வெந்தவர்களை மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; வழியிலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். அன்று ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது. அங்கே தீக்காயத்துக்கென்று புதிதாக ஒரு பிரிவு திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்பதனம், புண் அழுந்தாத காற்று மெத்தை, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுகிற கருவி. நான்கு பேரில் இரண்டு பேர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் சோலையம்மாள்.

"நாப்பத்தோரு நாளு அந்தக் கண்ணாடிக்கு வெளிய உக்காந்திருந்தேன் பாய். உள்ள விட மாட்டாக. பாக்குறதுக்கு எதிர்ச் சொவருல ஒரு போர்டு மட்டும்தான். 'மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் அமைக்கப்பட்டது.' அதைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன். கனிமம்னா என்னன்னு புரியல. ஒரு நாள் நர்சம்மாகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கல்லு எடுக்குறாகள்ல, அதுல கவர்மெண்டுக்கு ஒரு பங்கு கட்டணும், அதோட இந்த ஜில்லாவுக்குன்னு தனியா கொஞ்சம் கட்டணும், அதுல வந்த ரூமு இதுன்னாக. எனக்கு ஒண்ணும் ஓடல. நாங்க பஸ்ஸுல போகையில அந்தக் குவாரியப் பாத்து, காட்டைக் கெடுக்குறாகன்னு பேசிக்கிட்டே போவோம். அந்தக் கல்லா எங்க அம்மாவுக்குத் தோலு குடுத்துச்சு?"

ஒட்டிய தோல் பிடித்து, அம்மா எழுந்து உட்கார்ந்த மாதத்தில் குவாரி எடைமேடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார். பி.காம் படித்தவர், அதற்கு முன் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணினி வேலை. சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், பஸ் தூரம்தான் அதிகம். "ஒரு லோடு கணக்குல வராமப் போனா, எந்த ஆஸ்பத்திரியில எந்தக் கட்டிலு குறையும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அப்புறம் தயிர்ச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

மூன்று வாரம் என் அச்சகத்தில் வேலை செய்தார். அவர் ஒட்டிய கட்டு ஒன்றுகூடக் கோணவில்லை. வேலை போனதைப் பற்றி அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் வாசல் வழியே லாரி போகும் சத்தம் கேட்டால் பசைக் குச்சி அப்படியே நிற்கும். லோடு வண்டியா, வெறும் வண்டியா என்று சத்தத்தை வைத்தே சொல்வார்.

குவாரியில் அதற்குள் வேறொன்று நடந்தது. எடைமேடையில் உட்கார வைத்த புது ஆள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவசரம் என்கிற நாளெல்லாம் சீட்டில்லாமல் லோடு போனது. ஒரு நாள் சாத்தூர் சாலையில் கனிமத் துறை அதிகாரிகள் ஒரு லாரியை மறித்தார்கள். மாரிக்கண்ணன் என்ற டிரைவர். சீட்டு எங்கே என்றால் அவர் எதைக் காட்டுவார்? லாரி பறிமுதல், டிரைவர் மேல் வழக்கு. இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அவருக்கு மகள் பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை லாரிகள் வழக்கம்போல் வரிசையில் வந்து நின்றன. நின்றதும் ஒவ்வொன்றாக இன்ஜினை அணைத்தன. மேனேஜர் ஓடி வந்தார். டிரைவர்களில் மூத்தவரான தனுஷ்கோடி கீழே இறங்கி நின்றார்.

"சீட்டு இல்லாத லோடை இனிமே எடுக்க மாட்டோம் சார். மாட்டுறது நாங்கதான்."

"சரிப்பா, இனிமே சீட்டோடதான் போகும்."

"நீங்க சொல்லுவீக. உள்ள உக்காந்திருக்கிற ஆளும் சொல்லணும்ல. அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க."

அன்று முழுக்க ஒரு கல் நகரவில்லை. மாலையில் முதலாளி மேனேஜரை போனில் பிடித்தார். என்ன பேசினார் என்று தெரியாது. ஐந்தரை மணிக்குப் பாண்டிச்செல்வம் சாத்தூர் சேவு பொட்டலம் ஒன்றோடு என் அச்சகத்துக்குள் நுழைந்தார். காலண்டர் அடுக்குகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"நாளையில இருந்து வந்துரும்மா."

பானுப்பிரியா நிமிர்ந்து பார்த்தார். கை முழுக்கப் பசை.

"பேப்பர் இல்லாத வண்டி சார்?"

"வராது. நான் பேசுனது தப்புதான். நீயும் மனசுல வச்சுக்கிடாத."

"சரி சார். காலையில வாறேன். இப்ப இந்த அடுக்கை முடிச்சிருதேன், பாய்க்கு ஆளு இல்ல."

மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் நாலு கட்டை ஒட்டினார். எல்லாம் கோணல். அவர் போன பிறகு பானுப்பிரியா பிரித்து மறுபடி ஒட்டினார்.

மாரிக்கண்ணனின் வழக்கு இன்னும் நடக்கிறது. தேதி வருகிற அன்றெல்லாம் அவருக்கு விடுப்பு எழுதிக் கொடுப்பதும், கோர்ட்டுக்கு வேண்டிய காகிதங்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் பானுப்பிரியாதான்.

பொங்கல் கழிந்து புதுச் சீட்டுப் புத்தகங்களோடு போயிருந்தேன். எடைமேடை அறை வாசலில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கை மூடிய ரவிக்கை. கழுத்தின் இடப் பக்கம் தோல் வேறு நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. இடது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. சோலையம்மாள். மகள் வேலை பார்க்கிற இடத்துக்கு முதல் முறையாக வந்திருக்கிறார்.

"பாய்ங்களா? வாங்க. சாப்பிட்டீகளா? எம் மகளுக்கு ஆபத்துல வேலை குடுத்தீக, நல்லா இருப்பீக" என்றார். மகளால் எனக்குத்தான் லாபம் என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பார்வை குவாரி விளிம்பில் இருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அதுவரை நடந்து போய், ஆறு படி ஆழத்தையும் வெகு நேரம் பார்த்தார். கீழே லாரிகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன.

"இம்புட்டுப் பள்ளத்துல எனக்குன்னு எம்புட்டு எடுத்திருப்பாக?"

பானுப்பிரியா அம்மாவை மெதுவாகத் திருப்பி அழைத்து வந்தார். மேடை காலியாக இருந்தது. "இதுல ஏறி நில்லும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். நானும் கூடப் போனேன். எழுபது டன் நிறுக்கிற இரும்பு மேடையின் நடுவில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சோலையம்மாள் தனியாக நின்றார். பின்னால் லோடோடு வந்த தனுஷ்கோடி ஹாரன் அடிக்கவில்லை, இன்ஜினை அணைத்தார்.

திரை கொஞ்சம் தடுமாறி, ஐம்பது கிலோவில் நின்றது.

"ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தப்ப முப்பத்திரண்டு பாய்" என்றார் பானுப்பிரியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இறங்கட்டுமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

பானுப்பிரியா சன்னலைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"இன்னும் செத்த நேரம் நில்லும்மா."